துள்ளும் பந்தும் 24 ஃப்ரேமும்: 'ஸ்டீம்போட் வில்லி' ஒலிப்பதிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

1928 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில், எட்டு நிமிடம்கூட ஓடாத ஒரு கார்ட்டூனுக்கு இசை சேர்க்க வால்ட் டிஸ்னி முயன்றார். ஒலிப்பதிவு படுதோல்வி. இசைக்குழு ஒரு பக்கம் போனது, திரையில் எலி இன்னொரு பக்கம் போனது. கையிருப்பு கரைந்துவிட்டதால் தன்னுடைய மூன் ரோட்ஸ்டர் காரை விற்றுத்தான் அடுத்த ஒலிப்பதிவுக்கு அவர் பணம் புரட்ட வேண்டியிருந்தது. அந்த இரண்டாம் முயற்சி பலித்தது. நவம்பர் 18 அன்று பிராட்வேயின் காலனி தியேட்டரில் 'ஸ்டீம்போட் வில்லி' திரையேறியது. மிக்கி மவுஸ் ஊரறிந்த பெயரானது அன்றிலிருந்துதான்.

இதை மிக்கியின் பிறந்தநாள் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அனிமேஷன் வேலையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. முதல் முயற்சியில் கையில் இருந்த படம் தாளக் கணக்கோடு வரையப்பட்ட படம். இசையும் தயார், வாசிக்கத் தெரிந்தவர்களும் தயார். இருந்தும் பொருந்தவில்லை. இரண்டாம் முறை பொருந்தியதற்குக் காரணம் அதிக ஒத்திகையோ கூடுதல் திறமையோ அல்ல. படத்தில் ஏற்கெனவே இருந்த தாளம், வாசிப்பவரின் கண்ணுக்குத் தெரியும்படி காட்டப்பட்டது. அவ்வளவுதான். இசையையும் அனிமேஷனையும் சேர்ப்பது கடைசியில் எடிட்டிங்கில் ஒலியை முன்னே பின்னே இழுத்துப் பார்க்கும் வேலை என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். இந்த நிகழ்வை ஊன்றிப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. முதல் கோடு வரைவதற்கு முன்பே சிங்க், அதாவது படமும் ஒலியும் ஒரே கணத்தில் பொருந்துவது, முடிவாகிவிடுகிறது.

நேரம் நீளமாக மாறிய கதை

மௌனப் படக் காலத்தில் ஃபிலிம் ஓடும் வேகம் நிலையாக இருந்ததில்லை. படமெடுத்தவர் ஒரு வேகத்தில் கைப்பிடியைச் சுற்றினார், தியேட்டர்க்காரர் தன் வசதிக்கு வேறு வேகத்தில் ஓட்டினார். இரண்டு மணிக்காட்சியும் ஆறு மணிக்காட்சியும் ஒரே நீளம் ஓடும் என்ற உறுதிகூட இல்லை. அந்த நிலையில் "இந்த அசைவு இந்தச் சுரத்தில் விழ வேண்டும்" என்று கணக்குப் போடுவதற்கு அடித்தளமே கிடையாது.

ஒலி வந்ததும் இது மாறியது. ஃபிலிமின் ஓரத்தில் ஒலி பதிவானால், வேகம் சற்று கூடினாலும் சுருதி ஏறிவிடும், குறைந்தால் இறங்கிவிடும். காது அதைப் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே ஓட்டம் நிலைப்பட வேண்டியிருந்தது: நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம் என்பதால், நிமிடத்துக்குச் சரியாக 90 அடி. அன்றுமுதல் சினிமாவில் நேரம் என்பது அளக்கக்கூடிய நீளமாகிவிட்டது. பொருளாதாரமும் தொழில்நுட்பமும் சேர்ந்து எடுத்த இந்த முடிவு அனிமேட்டர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த வரம் என்றே நினைக்கிறேன்.

படம் எந்த வேகத்தில் ஓடும் என்பது டிஸ்னிக்குத் தெரியும். ஒரு பாட்டு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை வரைவதற்கு முன்பே அறியும் வழிதான் தெரியவில்லை. வழி சொன்னவர் வில்ஃப்ரெட் ஜாக்சன். ஸ்டுடியோவில் அப்போதுதான் சேர்ந்திருந்த இளைஞர், மவுத் ஆர்கன் வாசிப்பார். சீரான வேகத்தில் தட்டித் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியை அவர் கொண்டுவந்து காட்டினார். அதன் முள் நிமிடத்துக்கு எத்தனை முறை தட்டுகிறது என்பது எண். ஃபிலிம் நிமிடத்துக்கு எத்தனை ஃப்ரேம் ஓடுகிறது என்பதும் எண்: 24 பெருக்கல் 60, அதாவது 1440. ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்பது வந்துவிடும்.

மெட்ரோனோம் 60-இல் நின்றால் தட்டுக்கு 24 ஃப்ரேம். 90 என்றால் 16. 120 என்றால் 12. 144 என்றால் 10. 180 என்றால் 8. இந்த ஐந்து எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவர் இன்றைக்கும் பாதி வேலையைப் பேனா எடுக்காமலே முடித்துவிடலாம்.

பார் ஷீட்: இருவருக்கும் பொதுவான தாள்

கணக்கு கிடைத்ததும் அதை எழுத ஒரு தாள் தேவைப்பட்டது. அதுதான் பார் ஷீட். இசைக் குறிப்புத்தாளைப் போலவே பார்களாக, அதாவது இத்தனை தட்டு என்று பிரித்த கட்டங்களாக, கோடு போட்ட தாள். ஒரு வரிசையில் இசை, அதே பாருக்கு நேராக இன்னொரு வரிசையில் நடக்கும் காரியம்: மிக்கி திரும்புகிறான், பானை விழுகிறது, மாடு வாய் திறக்கிறது. இதிலிருந்து, எந்த ஃப்ரேமில் எந்தப் படம் என்று குறிக்கும் எக்ஸ்போஷர் ஷீட்டுக்குப் போகும்போது, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு வரி, தட்டு விழும் வரியில் ஓர் அடையாளம்.

ஒரு தட்டு அனிமேட்டரின் மேஜையில் எப்படி இருக்கும் என்று அருகில் போய்ப் பார்ப்போம். படத்தின் இரண்டாம் பாதியில் 'டர்க்கி இன் த ஸ்ட்ரா' என்ற நாட்டுப்புற மெட்டு வருகிறது. மின்னி ஆட்டின் வாலைக் கைப்பிடியாக வைத்துச் சுற்ற, ஆடே கிராமபோனாகப் பாடுகிறது. மிக்கி மாட்டின் பற்களைச் சைலோஃபோனாக்கித் தட்டுகிறான். தட்டுக்கு 12 ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டு அப்படியொரு அடியை வரைந்தால், முதல் ஃப்ரேமிலேயே குச்சி பல்லில் பட்டிருக்க வேண்டும். 2, 3, 4-இல் குச்சி துள்ளி எழுகிறது. 5 முதல் 9 வரை கை நிதானமாக மேலே போய் உச்சியில் சற்றே தங்குகிறது. 10, 11, 12-இல் மூன்றே படங்களில் கீழே பாய்கிறது. அடுத்த தட்டின் முதல் ஃப்ரேமில் மறுபடி பல். ஏறுவதற்கு அதிக ஃப்ரேம், இறங்குவதற்குக் குறைந்த ஃப்ரேம். இந்த ஏற்றத்தாழ்வுதான் அடிக்கு எடை தருகிறது. பன்னிரண்டு படங்களையும் சம இடைவெளியில் வரைந்தால் கணக்குப்படி அடி சரியாகவே விழும், பார்ப்பவருக்கு மட்டும் அது தட்டாகவே தெரியாது.

அடிபடும் படத்தை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வைப்பது பல அனிமேட்டர்களின் வழக்கம். ஒலி முந்தினால் உடனே உறுத்தும், படம் கொஞ்சம் முந்தினால் உறுத்தாது. தூரத்தில் துணி துவைப்பவரின் அடியை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கேட்டே பழகியவர்கள் நாம். தியேட்டரிலும் இதே கணக்குதான்: ஒலி ஒரு ஃப்ரேம் நேரத்தில் ஏறக்குறைய 14 மீட்டர்தான் கடக்கும், கடைசி வரிசைக்கு எப்போதும் சற்றுத் தாமதமாகவே போய்ச் சேரும்.

படுக்கை விரிப்புக்குப் பின்னால்

படம் முழுதாக முடிவதற்கு முன்பே ஸ்டுடியோ ஊழியர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் ஒரு சோதனைக் காட்சி போட்டார்கள். புரொஜெக்டரின் இரைச்சல் கேட்கக் கூடாது என்று வால்ட்டின் அண்ணன் ராய் டிஸ்னி அதை வெளியே வைத்து, ஜன்னல் வழியாகப் படத்தைப் பாய்ச்சினார். தொங்கவிட்ட படுக்கை விரிப்புக்குப் பின்னால் ஜாக்சன் மவுத் ஆர்கன் வாசித்தார், அனிமேட்டர் அப் ஐவர்க்ஸ் பானை சட்டிகளைத் தட்டினார், ஜானி கேனன் ஊதலும் மணியோசையும் தந்தார், வால்ட் குரல் கொடுத்தார். பார்த்தவர்களுக்கு அது பெரிதும் பிடித்துப்போனது.

இந்தக் காட்சி வென்றதால்தான் நியூயார்க் தோல்வி புதிராகத் தெரிகிறது. நான்கு பேர் சட்டி பானையோடு சாதித்ததை, பயிற்சி பெற்ற இசைக்குழுவால் ஏன் முடியவில்லை?

என் கணிப்பு இது. விரிப்புக்குப் பின்னால் நின்றவர்களில் அந்தப் படத்தை வரைந்தவர்களே இருந்தார்கள். எந்த அடி எப்போது விழும் என்பது அவர்கள் கைக்கே தெரியும், தாளம் அவர்களுக்குள் இருந்தது. நியூயார்க்கில் இசைக்குழுவை நடத்திய கார்ல் எடுவார்ட் மௌனப் பட அரங்குகளில் பெயர்பெற்றவர். அந்த மரபில் நடத்துநர் காட்சியின் மனநிலையைப் பின்தொடர்வார். துரத்தல் வந்தால் வேகம், காதல் வந்தால் குழைவு. ஒரு நொடி முன்பின் ஆனாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வாத்தியக்காரருக்கு மூச்சுவிடக் கிடைக்கும் அந்த நெகிழ்வுதான் அந்த மரபின் அழகும்கூட. 'ஸ்டீம்போட் வில்லி'யோ அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் பல்லில் அடி விழும் படம். போதாக்குறைக்கு, அன்று இசை, சத்தம், குரல் மூன்றையும் தனித்தனியாக எடுத்துப் பிறகு கலக்கும் வசதி இல்லை. எல்லாம் ஒரே ஓட்டத்தில் பதிவாக வேண்டும். ஓர் இடம் தவறினால் மொத்தமும் தவறு.

பந்து ஏன் வென்றது

இரண்டாம் ஒலிப்பதிவுக்கு, ஃபிலிமிலேயே தாளத்துக்கு ஏற்பத் துள்ளும் ஒரு பந்தைச் சேர்த்துக்கொண்டார்கள். நடத்துநர் கதையைப் பார்க்க வேண்டியதில்லை, பந்தைப் பார்த்தால் போதும். பந்து தரை தொடும் கணம் தட்டு. துள்ளும் பந்து என்ற உத்தி புதிதல்ல. ஃப்ளைஷர் சகோதரர்கள் தங்கள் பாட்டுக் கார்ட்டூன்களில் ரசிகர்களைச் சேர்ந்து பாடவைக்க, 1920-களின் நடுவிலேயே பாடல் வரிகளின் மேல் பந்தைத் துள்ளவிட்டிருந்தார்கள். இங்கே அது ரசிகருக்கு அல்ல, வாசிப்பவருக்கு.

இந்த ஆய்வில் நான் அதிகம் நின்று பார்த்த இடம் இதுதான். பந்துக்குப் பதிலாக வெறும் ஒளி ஒன்று தட்டுதோறும் மின்னினால் போதாதா? போதாது. மின்னல் "தட்டு விழுந்துவிட்டது" என்று மட்டும் சொல்லும். அதைக் கண்டு கை எழும்பி வில் நரம்பைத் தொடுவதற்குள் கணம் கடந்துவிடும். பந்தோ மேலிருந்து இறங்கும்போதே "இதோ விழப்போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே வருகிறது. அடுத்த தட்டு எங்கே என்பதை அதன் வேகமே காட்டிவிடுகிறது. கச்சேரியில் பாடகரின் கை தொடையை நோக்கி இறங்குவதைப் பார்த்தே மிருதங்கக்காரர் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் தட்டில், வந்து சேர்வதும் இப்படித்தான். கை விழுந்த சத்தத்தைக் கேட்டு அவர் வாசிப்பதில்லை. அனிமேஷனின் அடிப்படையான முன்னசைவு, அதாவது அடிப்பதற்கு முன் கை ஓங்குவது, இங்கே இசைக்குழுவை வழிநடத்தும் கருவியாகவே மாறியது.

எலும்புக்கூடுகளும் துளைகளும்

அடுத்த கட்டம் கார்ல் ஸ்டாலிங்கோடு வருகிறது. கன்சாஸ் சிட்டியில் தியேட்டர் ஆர்கன் வாசித்தவர். படத்துக்கு இசையா, இசைக்குப் படமா என்பதில் அவருக்கும் டிஸ்னிக்கும் இழுபறி இருந்தது. தீர்வாகத்தான் இசையை முன்னிறுத்தும் 'சில்லி சிம்ஃபனி' வரிசை பிறந்தது. 1929-இல் வந்த 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்' அதன் முதல் படம், எண்ணம் ஸ்டாலிங்குடையது, அனிமேஷனில் பெரும்பங்கு ஐவர்க்ஸுடையது. எலும்புக்கூடுகள் ஆடும்போது எலும்பு ஒவ்வொன்றும் தாளத்தில் விழுகிறது.

தாளத்தைக் கண்ணுக்குக் காட்டுவதிலிருந்து காதுக்குக் கொடுக்கும் முறை அந்தக் காலத்தில்தான் உருவானது. ஃபிலிமின் ஒலித்தடத்தில் குறிப்பிட்ட ஃப்ரேம்களில் துளையிட்டால், அது ஓடும்போது 'டிக்' என்று கேட்கும். வாத்தியக்காரர்கள் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டபடியே வாசிக்கலாம். இன்று ரெக்கார்டிங் தியேட்டரில் 'கிளிக் போடுங்க' என்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, அதன் தொடக்கம் இந்தத் துளைகள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 35 மி.மீ. ஃபிலிமின் ஓரத்தில், அதை நகர்த்தும் பல்சக்கரம் மாட்டிக்கொள்வதற்காக, ஒரு ஃப்ரேமுக்கு நான்கு ஸ்ப்ராக்கெட் துளைகள் உண்டு. அவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டால் ஃப்ரேமைவிடச் சிறிய அளவும் கைக்குள் வரும். பிற்காலத்தில் கிளிக்கின் இடைவெளியை ஃப்ரேமாகவும் அதன் எட்டில் ஒரு பங்குகளாகவும் குறிப்பது ஹாலிவுட் வழக்கமானது. பன்னிரண்டரை ஃப்ரேம் கிளிக் என்றால் நிமிடத்துக்கு 115.2 தட்டு. இசைக்கு இந்தப் பின்னம் தேவை. படத்துக்கோ முழு ஃப்ரேம்தான் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இழுபறிதான் இன்றும் பாதிப் பிழைகளுக்குக் காரணம்.

டெம்போ மட்டும் போதாது

டெம்போ, அதாவது வேகம், தெரிந்தால் தட்டு எங்கே என்று தெரியும். ஒரு பாரில் எத்தனை தட்டு, அதில் எது கனமானது என்பதைச் சொல்வது டைம் சிக்னேச்சர்; 4/4 என்றால் பாருக்கு நான்கு தட்டு. தட்டுக்கு 12 ஃப்ரேம் என்றால் 4/4-இல் ஒரு பார் 48 ஃப்ரேம், 3/4-இல் 36, 5/4-இல் 60. எண்ணாகப் பார்த்தால் இவ்வளவுதான். சிக்கல் கால்களில் தொடங்கும்.

ஒரு பாத்திரம் தட்டுக்கு ஓர் அடி வைத்து நடக்கிறது. 4/4-இல் ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் இடது கால் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு நடைச் சுழற்சியை வரைந்து திரும்பத் திரும்ப ஓடவிடலாம், கனமான தட்டில் தலையை ஆழமாக அமிழ்த்தினால் அழுத்தமும் கிடைத்துவிடும். 3/4-இல் முதல் பாரில் இடது கால் விழுந்தால், அடுத்த பாரின் முதல் தட்டில் வலது கால் விழும். சுழற்சி இரண்டு பாருக்கு ஒருமுறைதான் பழைய இடத்துக்குத் திரும்பும். இரண்டடிச் சுழற்சியை அப்படியே நகலெடுத்து 3/4 பாட்டின் மேல் போட்டால், தலை அமிழ்வது ஒரு தட்டுவிட்டு ஒரு தட்டு வரும். கால் சரியாக விழுந்தாலும் பாத்திரம் வேறொரு பாட்டுக்கு ஆடுவது போலத் தெரியும். ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆறடிச் சுழற்சியாக வரைவதுதான் வழி.

நம் தாளங்களை இந்தக் கட்டத்தில் வைத்துப் பார்த்தால் 24-இன் குணம் இன்னும் தெளிவாகும். கர்நாடக இசையில் ஒரு தட்டைச் சம பங்குகளாகப் பிரிப்பது நடை. தட்டுக்கு 12 ஃப்ரேம் என்றால், மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைக்கு ஒவ்வொரு பங்கும் 4 ஃப்ரேம், நான்காகப் பிரிக்கும் சதுஸ்ரத்துக்கு 3 ஃப்ரேம். இரண்டும் அழகாக உட்கார்ந்துகொள்ளும். ஐந்தாகப் பிரிக்கும் கண்டத்துக்கு 2.4, ஏழாகப் பிரிக்கும் மிஸ்ரத்துக்கு ஏறத்தாழ 1.7. இங்கே 24 கைவிரிக்கிறது. ஆனால் ஏழு பங்குத் தாளமான மிஸ்ர சாப்பு வேறு. அதில் ஏழு தட்டுகளை ஒன்றுக்குள் திணிக்க வேண்டியதில்லை, அடுக்கினால் போதும். ஒரு பங்குக்கு 6 ஃப்ரேம் என்றால் மூன்றும் நான்குமாக 18, 24. ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 42 ஃப்ரேம். கண்ட சாப்பு இரண்டும் மூன்றுமாக 12, 18, மொத்தம் 30. ஏழு, ஐந்து என்றதும் அனிமேஷனுக்கு ஒத்துவராது என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒத்துவராதது நடை, தாளம் அல்ல. இந்தியத் தொலைக்காட்சியின் 25 ஃப்ரேமில் கணக்கு இன்னொரு விதம். 60 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டில், கண்ட நடை 5 ஃப்ரேமாகச் சரியாகப் பிரியும், ஆனால் மிகச் சாதாரணமான 120 பிபிஎம் 12.5 ஃப்ரேம் ஆகிவிடும்.

பின்னத்தை எங்கே ஒளிப்பது

இன்று இசையமைப்பாளர் 110 பிபிஎம் என்று ஒரு டிராக் அனுப்புகிறார். 1440-ஐ 110-ஆல் வகுத்தால் 13.09 ஃப்ரேம். அனிமேட்டர் '13' என்று எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார். முதல் பத்து தட்டு வரை எந்தக் குறையும் தெரியாது. பதினாறு பார், அதாவது 64 தட்டு முடியும்போது படம் இசையைவிடக் கிட்டத்தட்ட 6 ஃப்ரேம் முந்திவிடும். கால் நொடி. அந்த இடத்தில் ஒலியை இழுத்துச் சரிசெய்தால் தொடக்கம் கெடும்.

இடைவெளியை முழு எண்ணாக்குவதுதான் பிழை. ஒவ்வொரு தட்டின் இடத்தையும் தொடக்கத்திலிருந்து பெருக்கி, அந்த விடையை மட்டும் அருகிலுள்ள முழு எண்ணாக்க வேண்டும். 110 பிபிஎம்மில் அப்படிச் செய்தால் தட்டுகள் 0, 13, 26, 39, 52, 65, 79, 92, 105, 118, 131, 144 என்ற ஃப்ரேம்களில் விழும். 65-க்கும் 79-க்கும் நடுவில் மட்டும் 14, மற்றதெல்லாம் 13. பதினொரு தட்டுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு ஃப்ரேம், அதை ஒரு கண்ணும் காணாது. எந்தத் தட்டும் தன் உண்மையான இடத்திலிருந்து அரை ஃப்ரேமுக்கு மேல் விலகாது. எவ்வளவு நீளமான பாட்டானாலும் இதே உறுதி.

13 என்ற ஒற்றைப்படை எண் இன்னொரு தொல்லையும் தரும். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வரைவதுதான் கையால் வரைபவர்களின் பொதுவான சிக்கனம். 12 ஃப்ரேமில் ஆறு படங்கள் சரியாக அடங்கும். 13-இல் ஒன்று மிஞ்சும். மிஞ்சுவதைக் கை உச்சியில் தங்கும் இடத்தில் கூடுதல் ஃப்ரேமாகக் கொடுத்துவிடுங்கள். இறங்கும் இடத்தில் கொடுத்தால் அடி மழுங்கிப்போகும்.

தாளம் நிலையாக இல்லாதபோது

மெட்ரோனோம் முறைக்கு ஓர் எல்லை உண்டு. 1940-இல் 'ஃபான்டேசியா' வந்தபோது டிஸ்னி ஸ்டுடியோவே அதைத் தாண்ட வேண்டியிருந்தது. லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய இசை முதலில் பதிவானது, படம் பிறகு வரையப்பட்டது. அவருடைய வேகம் இறுகும், தளரும். அங்கே வகுத்தல் உதவாது. பதிவான ஒலித்தடத்தில் ஒவ்வொரு தட்டும் எந்த ஃப்ரேமில் விழுகிறது என்று தேடிப்பிடித்து ஷீட்டில் ஏற்றியாக வேண்டும். கச்சேரிப் பதிவுக்கோ நாட்டுப்புறப் பாடகரின் குரலுக்கோ அனிமேஷன் செய்யும் யாருக்கும் இன்று இதே வேலைதான் காத்திருக்கிறது.

பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு தட்டுக்கும் 'எம்' விசையைத் தட்டினால் டைம்லைனில் மார்க்கர் விழும். அதை முதல் வரைவாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். விரல் பல சமயம் தாமதிக்கும், ஆர்வத்தில் சில சமயம் முந்தும். ஒலியலையைப் பெரிதாக்கி, தட்டு கிளம்பும் முனைக்கு ஒவ்வொரு மார்க்கரையும் நகர்த்த வேண்டும். இசை கணினியில் செய்யப்பட்டது என்றால் இந்தப் பாடே வேண்டாம், இசையமைப்பாளரிடம், வேகம் எங்கே எப்படி மாறுகிறது என்று காட்டும் டெம்போ மேப்பையும் கிளிக் டிராக்கையும் தனிக் கோப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதைக் கேட்கத் தயங்குபவர்கள் ஏராளம். கேட்பது நம் உரிமை.

கடைசியாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டும், அது ஃப்ரேம் வேகம். மென்பொருளில் 24 என்று வைத்து வரைந்துவிட்டு, வெளியீட்டில் 23.976 என்று அமைந்துவிட்டால், படம் ஆயிரத்தில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், ஒலி அதே வேகத்தில் நிற்கும். எட்டு நிமிடப் படத்தின் முடிவில் வித்தியாசம் கிட்டத்தட்ட அரை நொடி, பதினொன்றரை ஃப்ரேம். தொடக்கத்தில் ஒன்றும், கடைசி நிமிடத்தில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் தட்டைச் சரிபார்த்தால் இது உடனே வெளிப்பட்டுவிடும். முதல் இடம் பொருந்தி இரண்டாவது விலகினால் கோளாறு வேகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு விலகினால் தொடக்கப் புள்ளியில் இருக்கிறது, ஒலியை அத்தனை ஃப்ரேம் நகர்த்தினால் போதும். 'ஸ்டீம்போட் வில்லி' 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச் சொத்து. இந்த இரண்டு-இடச் சோதனையைப் பழக அதைவிடப் பொருத்தமான படம் கிடையாது: முதல் இடத்துக்கு, சுக்கானைப் பிடித்தபடி மிக்கி விசிலடிக்கும் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், இரண்டாவதற்கு மாட்டின் பற்களை.